பாதியில் விடலாகாது

வயிற்று வலி என்றால் மும்பையில் நம்மவர்கள் முதலில் போவது மருத்துவரிடம் அல்ல, மருந்துக் கடைக்கு. மெஸ் சாப்பாடு, நேரங்கெட்ட வேலை, இரவு ஷிப்டு. ஆகவே 'அல்சர்' என்று தாமே முடிவு கட்டி, மாத்திரை வாங்கி விழுங்கிக் காலம் கடத்துகிறார்கள். பெரும்பாலோருக்கு அது அல்சராகவோ வெறும் புளிப்பாகவோதான் இருக்கும். ஆனால், ஒரு சிலருக்கு அது இரைப்பைப் புற்றுநோயின் தொடக்கம். மாத்திரை அந்த வலியையும் சில நாள் அடக்கிவிடுகிறது என்பதுதான் ஆபத்து.

காரணமின்றி உடல் மெலிவது, நாலு வாய் உண்டதுமே வயிறு நிரம்புவது, ஓயாத வாந்தி, கறுத்த மலம், இரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் எண்டாஸ்கோபி செய்து பார்த்துவிட வேண்டும். குழாயைச் செலுத்திப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். ஐயமான இடத்தில் சிறிது சதை எடுத்துச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும்.

'புற்று என்றால் மருந்தில்லை. கத்தி பட்டால் பரவிவிடும்' என்ற பேச்சு நம்மிடையே இன்னும் ஓயவில்லை. இது தவறு. வியன்னாவில் பில்ராத் என்ற மருத்துவர் 1881-ஆம் ஆண்டிலேயே புற்று கண்ட இரைப்பைப் பகுதியை வெட்டி எடுத்துக் காட்டினார். இன்று சிகிச்சை வெகுதூரம் முன்னேறியிருக்கிறது. நோய் உள்சவ்வோடு நின்றிருந்தால், வயிற்றைத் திறக்காமல் எண்டாஸ்கோபி வழியாகவே அகற்றிவிட முடிகிறது. ஆழமாக இறங்கியிருந்தால் இரைப்பையின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ, அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களோடு சேர்த்து எடுக்கிறார்கள். இரைப்பையே இல்லாமலும் மனிதன் வாழ முடியும். சிறிது சிறிதாகப் பலமுறை உண்ண வேண்டும். பி-12 ஊசியை ஆயுள் முழுவதும் விடாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. 'உடனே ஆபரேஷன் செய்யாமல் ஏன் ஊசி மருந்து ஏற்றுகிறார்கள்?' என்று சந்தேகப்பட்டு வேறு இடம் தேடி ஓடுகிறார்கள். அறுவைக்கு முன்னும் பின்னும் நான்கு மருந்துகளைச் சேர்த்துத் தரும் முறையை ஜெர்மன் மருத்துவர்கள் ஆராய்ந்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். பழைய மருந்து முறையில் நோயாளிகளில் பாதிப்பேர் 35 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள் என்றால், புதிய முறையில் அது 50 மாதங்களாக உயர்ந்தது. இரு வாரங்களுக்கு ஒன்றாக முன்னே நான்கு தவணை, பின்னே நான்கு தவணை. எனவே, சிலருக்கு மருந்து முதலில் வருவது தாமதம் அல்ல. அதுவே சிகிச்சையின் முதல் படி.

நோய் பிற உறுப்புகளுக்குப் பரவிவிட்டாலும் கைவிடுவதற்கில்லை. ஊசி மருந்து ஆயுளைக் கூட்டுகிறது. 'ஹெர்-2' சோதனையில் பலன் தெரிந்தால் அதற்கென்றே தனி மருந்து உண்டு. சிலருக்கு நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து உதவும். அடைப்புக்கு மாற்று வழி அமைக்கிறார்கள். வலியைத் தணிப்பதும் சிகிச்சையே.

ஆக, மருத்துவத்தில் வழி இருக்கிறது. வழியில்லாமல் நிற்பது கூலிக்காரனின் குடும்பம்தான். அறுவையும் மருந்தும் முடிய ஏறத்தாழ ஆறு மாதம். அதுவரை வேலை இல்லை, வாடகை நிற்பதில்லை. இரண்டு தவணை முடிந்ததும் 'ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ரயிலேறிவிடுகிறவர்கள் பலர். வலி குறைந்ததை நோய் தீர்ந்ததாக எண்ணிவிடுகிறார்கள். பாதியில் விட்ட சிகிச்சை, பட்ட பாட்டையும் பாழாக்கிவிடும்.

ஊருக்குப் போவதில் தவறில்லை. வெறுங்கையோடு போவதுதான் தவறு. மருந்துச் சீட்டு, ஸ்கேன், சதைப் பரிசோதனை முடிவும் அதன் மாதிரியும் கையோடு இருந்தால், பரேல் டாட்டா நினைவு மருத்துவமனையில் தொடங்கியதை, 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையத்திலோ காஞ்சிபுரம் அரசுப் புற்றுநோய் மருத்துவமனையிலோ தொடர வழியுண்டு. சிகிச்சைக்காகச் செல்லும் புற்றுநோயாளிக்கு ரயில்வே கட்டணச் சலுகை தருகிறது. உடன் செல்பவருக்கும் உண்டு. மருத்துவமனைச் சான்று தேவை.

இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் தொழிலாளி, சிகிச்சையோடு நீண்டகால நோய்க்கான உதவித் தொகையையும் கேட்டுப் பெறலாம். நிபந்தனைகள் நிறைவேறினால் சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். 2018-இல் வந்த ஆயுஷ்மான் திட்டப் பட்டியலில் உள்ள குடும்பத்துக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை எந்த மாநிலத்தின் திட்ட மருத்துவமனையிலும் செல்லும்.

ஆனால், ரேஷன் கார்டு ஊரிலும் பிழைப்பு இங்குமாக இருப்பவன் மராட்டிய மாநிலத் திட்டத்துக்கு வெளியே நிற்கிறான். இ.எஸ்.ஐ. இல்லாத பட்டறையிலும் ஹோட்டலிலும் உழைப்பவன் நிலை அதைவிட மோசம். இவனைக் காப்பது யார் பொறுப்பு என்பதை இரு மாநில அரசுகளும் கலந்து பேசித் தீர்க்க வேண்டும். சிகிச்சைக் காலத்தில் வேலையைப் பறிக்காதிருப்பது முதலாளிகளின் கடமை. விழாக்களைச் சிறப்பாக நடத்தும் நம் சங்கங்கள், விண்ணப்பம் எழுதித் தரவும், நோயாளியோடு வந்தவர் தங்கவும் ஏற்பாடு செய்தால் அது பெரும் புண்ணியம்.

மாதக் கணக்கில் மாத்திரை விழுங்கும் அறைத் தோழர் உங்களுக்கும் இருக்கலாம். அடுத்த விடுமுறை நாள்வரை காத்திராமல் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.