ஏலப் பருவமும் கல்லூரிப் பருவமும்

ஏலத்தை ஏலம் விடும் ஊர் போடிநாயக்கனூர். முன்னது நம் மலைச்சரிவில் விளையும் மணப்பொருளின் பெயர். பின்னது போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழில் வந்து கலந்த சொல் என்பர் சொல்லாராய்ச்சியாளர். வேறு வேறு வழியில் வந்த இரண்டு சொற்கள் ஒரே ஒலியில் பொருந்தி நிற்கும் விந்தையை வகுப்பில் சொன்னால் மாணவர் சிரிப்பது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் முதலாமாண்டு வணிகவியல் மாணவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஐயா, எங்கள் வீட்டில் அந்த ஏலம் விளைந்தால்தான் இந்த ஏலம். இரண்டும் நடக்கிற காலத்தில்தான் கல்லூரியும் நடக்கிறது" என்றார்.

பகுதி ஒன்றில் தமிழ் கற்பிக்கும் நமக்கு வணிகவியலும் வணிக மேலாண்மையும் பயில்வோர் நாள்தோறும் பழக்கமானவர்களே. ஆயினும் அம்மாணவர் சொன்னதன் முழுப்பொருளை நாம் உணர்ந்தது இரண்டாண்டுகள் கழித்துத்தான்.

அவர் மலைமேல் சாந்தன்பாறைப் பக்கத்துப் பிள்ளை. தாய்மொழி தமிழ், மேல்நிலைப் படிப்பு கேரளத்தில். 1956 நவம்பரில் மாநிலங்கள் மொழிவழிப் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. எல்லைக்கோடு மலையில் விழுந்தது. மனிதர் போக்குவரத்து நிற்கவில்லை. இன்றும் போடியிலிருந்து விடியுமுன் ஜீப்புகள் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுகின்றன, மாலையில் இறங்குகின்றன. எதிர்த்திசையில் படிக்க இறங்கிவரும் பிள்ளைக்கோ தகுதிச் சான்றிதழ், இடப்பெயர்வுச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக வேண்டப்படுகின்றன. கேரளத்தில் பெற்ற சாதிச் சான்றிதழ் இங்கே இட ஒதுக்கீட்டுக்குப் பயன்படுவதில்லை. பல்கலைக்கழகப் பதிவேட்டில் பெயர் ஏறுவதற்கே அப்பிள்ளைக்கு முதற்பருவத்தில் பாதி கழிந்துவிடுகிறது. இவ்விதிகளுக்கு உரிய காரணங்கள் உண்டு. போலிச் சான்றிதழ்கள் உலவும் நாட்டில் சரிபார்ப்பு வேண்டாமென்று நாம் கூறவில்லை. சரிபார்ப்புக்கு ஆகும் நாள்களை மாணவரின் வருகைக் கணக்கில் கழிப்பதுதான் முறையன்று என்கிறோம்.

வருகைக் கணக்கே இங்குத் தலையாய சிக்கல். பருவமொன்றுக்குத் தொண்ணூறு வேலை நாள். அதில் நூற்றுக்கு எழுபத்தைந்து விழுக்காடு வந்திருக்க வேண்டும். அதாவது ஏறத்தாழ இருபத்திரண்டு நாள்களே வராதிருக்கலாம். ஏலச்செடியோ பல்கலைக்கழக நாள்காட்டியைப் பார்த்துக் காய்ப்பதில்லை. ஆடியில் தொடங்கித் தை வரை, முப்பது நாற்பது நாளுக்கு ஒருமுறை பறிப்பு வரும். பறித்த காயை உடனே ஸ்டோரில் போட்டுச் சூடேற்றி உலர்த்தியாக வேண்டும். தவறினால் பச்சை நிறம் போகும், நிறம் போனால் விலை போகும். சிறு தோட்டக்காரர் வீட்டில் அந்த வாரம் எல்லாக் கைகளும் தேவை. ஒற்றைப்படைப் பருவங்கள் மூன்றும் இந்தப் பறிப்புக் காலத்தின்மேல்தான் வந்து விழுகின்றன.

இனிப் பணிப்பயிற்சியைப் பார்ப்போம். தமிழகக் கல்லூரிகள் பலவற்றில் இன்றுள்ள பாடத்திட்ட அமைப்பின்படி மாணவர் இரண்டாமாண்டுக் கோடை விடுமுறையில் ஒரு நிறுவனத்தில் பயிற்சி பெற்று, அதற்கான மதிப்பலகுகளை ஐந்தாம் பருவத்தில் பெறுகின்றனர். நல்ல ஏற்பாடே. ஆனால் சித்திரையிலும் வைகாசியிலும் ஏலக்காய் வரத்து மெலிந்து கிடக்கும்; ஆடி முதல் தை வரை ஊரே மணக்கும் தொழில் அப்போது பாதி உறக்கத்தில் இருக்கும். தொழில் நடக்கும்போது மாணவர் வகுப்பில் இருக்க வேண்டும். தொழில் அயரும்போது மாணவர் தொழில் கற்க வேண்டும். இந்த முரணை வகுத்தவர் எவரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். அவர் மலையைப் பார்த்திருக்க மாட்டார், அவ்வளவே.

விளைவு யாது? நம் மாணவர் தம் பயிற்சி அறிக்கையைப் பிழைதிருத்தித் தருமாறு கொண்டுவந்தார். மதுரையில் ஒரு நிதி நிறுவனத்தின் முத்திரை. நன்கு அச்சிட்ட நாற்பது பக்கங்கள். அந்நிறுவனம் எந்தத் தெருவில் உள்ளது என்று கேட்டோம். தலைகுனிந்தார். நண்பர் எழுவர் சேர்ந்து பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கினார்களாம். பிறகு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது, சட்டைப்பையிலிருந்து நான்கு ஏலக்காய்களை எடுத்து மேசைமேல் வைத்து, இது எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும், இது விழும், இது அதிகச் சூட்டில் உலர்ந்தது என்று அவர் பிரித்துச் சொன்ன நேர்த்தி இருக்கிறதே, அதற்கு மதிப்பெண் போட நம்மிடம் விடைத்தாள் இல்லை. ஐந்தாம் பருவத்தில் அவர் வருகை குறைந்து தேர்வெழுத இயலாமற் போயிற்று. பின்னர் அவர் திரும்பிவரவில்லை. பொய்ச் சான்றிதழுக்கு இடம் கொடுத்த ஏற்பாடு மெய்யான உழைப்பைக் குற்றமாக எண்ணியது.

போடியில் வணிக மாணவர் கற்பதற்கு என்ன உண்டு என்று சிலர் கேட்கின்றனர். நறுமணப் பொருள் வாரியம் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அதன் கண்காணிப்பில் உரிமம் பெற்றோர் இங்கு ஏலம் நடத்துகின்றனர். முன்பு மாதிரிக் காயைக் கையில் வாங்கி, உரித்து, முகர்ந்து, உரக்க விலை கூறுவர். 2007 முதல் கணிப்பொறித் திரையில் விலை ஏறுகிறது. தோட்டம் கேரளத்தில், ஏலக்கூடம் தமிழ்நாட்டில், வாங்குபவரின் கடை வடநாட்டில். 2017இல் வந்த சரக்கு மற்றும் சேவை வரியில் எது மாநில வரி, எது ஒருங்கிணைந்த வரி என்பதை ஒரே பட்டியலில் கற்பிக்க இதனினும் தக்க இடம் எது? 2018 வெள்ளத்திற்கும் அடுத்து வந்த வறட்சிக்கும் பின், 2019 ஆகஸ்டில் மலைமேல் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ரூ. 7,000 வரை விலைபோயிற்று. மூன்றாண்டுக்குள் சராசரி விலை ஆயிரத்திற்கும் கீழே இறங்கிற்று. குவாதமாலா நாட்டு விளைச்சலும் நம்மூர் விலையை அசைக்கிறது. தேவை, அளிப்பு என்று கரும்பலகையில் வரையும் கோடுகள் இரண்டும் இவ்வூர்க் குடும்பங்களின் அடுப்பங்கரை வரை வந்து போனவை. 2023 ஜூனில் போடிக்கு ரயில் மீண்டும் வந்ததில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் வாசலில் இத்தனை இருக்க, முத்திரை வாங்குவதற்கு அதில் ஏறி மதுரைக்குப் போவானேன்?

மலைத் தோட்டத்திற்கும் கல்லூரிக்கும் உறவு புதிதன்று. போடியிலுள்ள சி.பி.ஏ. கல்லூரியின் பெயரே ஏலத்தோட்டக்காரர் சங்கத்தின் பெயர்தான். அவ்வுறவைப் பாடத்திட்டத்திற்குள் கொண்டுவருவதே மிச்சம்.

இங்கே நம் சமுதாயப் பெரியோரிடமும் ஒரு சொல். ஏலம், மிளகு வணிகத்தில் ராவுத்தர் குடும்பங்களுக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. ஆயினும் கடைக்குள் மாணவரைச் சேர்க்கத் தயங்குகிறோம். வாங்குவோர் பெயரும் விலையும் வெளியே போய்விடும் என்னும் அச்சம் ஒன்று. பெண்பிள்ளை கிட்டங்கிக்கு வருவதா என்னும் மனத்தடை மற்றொன்று. முதல் அச்சம் ஓரளவு நியாயமானது. எந்த ஏட்டைக் காட்டுவது, எதைக் காட்டாதிருப்பது என்று எழுதி ஒப்பமிட்டுக் கொள்ளலாம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு திருக்குர்ஆன் மிக நீண்ட வசனமொன்றில் அறிவுறுத்துகிறதன்றோ? இரண்டாவதற்கு என்ன சொல்வது! அதே கிட்டங்கியில் நாளெல்லாம் அமர்ந்து காய் தரம் பிரிப்போர் பெரும்பாலும் பெண்கள். தரையில் அமர்ந்து காய் பொறுக்கப் பெண் வரலாம், நாற்காலியில் அமர்ந்து பேரேடு எழுத வரக்கூடாது என்பது எந்த மார்க்கம்? அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வணிகச் சரக்கைச் சிரியா நாட்டுக்குக் கொண்டு சென்று நேர்மையுடன் கணக்கு ஒப்படைத்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். முதலாளி ஒரு பெண்மணி என்பதை மீலாது மேடையில் பெருமையாகச் சொல்கிறோம்.

தொழிற்பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. 2014 திருத்தத்தால் கலை, வணிகப் பட்டதாரிகளுக்கும் வழி திறந்தது. எனினும் முப்பது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களுக்கே அது கட்டாயம். நம் கடைவீதியிலுள்ள கடைகளில் பல அந்த அளவு எட்டாதவை. சட்டம் வந்து கதவைத் தட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

மாணவரைக் கூலியில்லா வேலையாளாக்கி விடுவார்கள் என்று வணிகவியல் நண்பர் ஒருவர் எச்சரித்தார். உண்மை, மூட்டை சுமப்பது பயிற்சியாகாது. ஏலக்கூடம், தரம் பிரிப்பு, வரிக்கணக்கு, வங்கி வரவு என்று முறை வகுத்து, வாரத்துக்கு ஒருநாள் ஆசிரியர் நேரில் போய்ப் பார்த்தாலன்றி இதுவும் முத்திரை வணிகமாகவே முடியும்.

பல்கலைக்கழகத்திடம் நாம் வேண்டுவது பெரிதன்று. ஆண்டுக்கு இருமுறை மாணவரைச் சேர்க்கலாமென்று 2024 ஜூனில் பல்கலைக்கழக மானியக் குழு இசைந்தது. சேர்க்கைக்கே இரு வாயில் திறக்கலாமெனில், பணிப்பயிற்சியைக் கோடையில் மட்டுமன்றிப் புரட்டாசி, ஐப்பசியிலும் செய்யலாமென ஒரு வரி சேர்ப்பது இயலாததா? மேற்பார்வையுடன் ஏலக்கூடத்தில் கழித்த நாளை வருகை நாளாகக் கொள்ள வேண்டும். மலையிலிருந்து வருவோரின் தகுதிச் சான்றிதழ் வரும்வரை அவர்கள் வருகையைத் தற்காலிகமாகப் பதிந்து, பின்னர் உறுதி செய்ய வேண்டும். ஆட்சிமன்றக் குழுவுக்கு இவ்வாறே விண்ணப்பம் எழுதி, முதல்வர் வழியாக அனுப்பத் துறையினர் முடிவு செய்துள்ளோம்.

வரும் ஆடியில் முதற் பறிப்பு. அதற்குள் மாணவரை ஏற்கும் கடைகளின் பட்டியலொன்று தேவை. இதுவரை மூவர் இசைந்துள்ளனர். அவர்களுள் ஒருவர் மாணவியர் இருவருக்குக் கணக்கறையில் மேசை போட்டுத் தருவதாகவும், தம் மகளையும் அவர்களோடு அமர்த்துவதாகவும் கூறியுள்ளார்.