கலப்பது 20 சதவீதம், பலன் 7 சதவீதம்: கேஸ் குழாயில் ஹைட்ரஜன் யாருக்காக?

1/ சமையல் கேஸ் குழாயில ஹைட்ரஜனைக் கலந்தா போதும், காற்று சுத்தமாயிடும்னு சொல்றாங்க. எண்ணூர்-தூத்துக்குடி எரிவாயுக் குழாய்த் திட்டம் நம்ம கடலூர் மாவட்டம் வழியாத்தான். அதனால நாம இப்பவே கேட்கணும். இழை.

2/ குஜராத்துல இது ஏற்கெனவே நடக்குது. சூரத் பக்கத்துல காவாஸ் என்டிபிசி குடியிருப்புல 2023 ஜனவரியில 5% கலந்து அனுப்ப ஆரம்பிச்சாங்க. படிப்படியா எட்ட வேண்டிய இலக்கு 20%.

3/ டாக்டருக்கு முதல் கேள்வி டோஸ்தான். ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் தரும் வெப்பம், இயற்கை எரிவாயு தருவதில் மூணுல ஒரு பங்குகூட இல்லை. 20% கலந்தாலும் கார்பன் குறைவது சுமார் 7% மட்டுமே.

4/ மீட்டர் ஓடுவது கன மீட்டர் கணக்குல. 20% கலவையில வெப்பம் சுமார் 14% குறையும். அதே சோற்றுக்கு அதிக யூனிட். பால்ல தண்ணி ஊத்திட்டு லிட்டர் கணக்குல காசு வாங்கற மாதிரி!

5/ விறகுப் புகையைவிட கேஸ் எவ்வளவோ மேல், மறுக்கலை. ஆனா சுவாலைச் சூட்டுல காற்றிலுள்ள நைட்ரஜனே நைட்ரஜன் டை ஆக்சைடா மாறுது. ஹைட்ரஜன் எரிஞ்சாலும் அதேதான். வெளியே சிப்காட் காற்று, உள்ளே இது. இளைப்பு வர்ற குழந்தைக்கு என்ன லாபம்?

6/ ஹைட்ரஜன் உயர் அழுத்த எஃகுக் குழாய்க்குள்ள ஊடுருவி, அதை எளிதில் விரிசல் விட வைக்கும். 2014 ஜூன் 27, ஆந்திராவின் நகரம் கிராமத்துல எரிவாயுக் குழாய் வெடிச்சு 20 பேருக்கு மேல் இறந்தாங்க. அங்க ஹைட்ரஜன் இல்லை, வெறும் அரிப்பு. பராமரிப்பே இந்த லட்சணம்னா, புதுச் சுமை எதுக்கு?

7/ "சிங்கப்பூர் சமையல் கேஸ்ல பாதி ஹைட்ரஜன்தானே?"ன்னு கேட்பீங்க. உண்மை. ஆனா அங்க குழாய், அடுப்பு எல்லாமே அந்த வாயுவுக்குன்னே அமைச்சது. அதுவும் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுப்பது. பசுமை இல்லை.

8/ 100 யூனிட் மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கினா சுமார் 70 மிஞ்சும். அடுப்புல எரிச்சா பாத்திரத்துக்குப் போவது 30 சொச்சம். அதே மின்சாரத்துல இண்டக்‌ஷன் அடுப்பு 80-க்கு மேல் தரும். புகையும் இல்லை.

9/ ஹைட்ரஜன் கெட்டதுன்னு சொல்லலை. உரத்துக்கு அம்மோனியா, மணலி சுத்திகரிப்பு ஆலை, அங்கெல்லாம் அதுக்கு மாற்று இல்லை. பசுமை ஹைட்ரஜனை முதல்ல அங்க கொடுங்க.

10/ கலந்தே தீரணும்னா இரண்டு நிபந்தனை: பில் வெப்பத்துக்குப் போடணும், கன மீட்டருக்கு இல்லை. குழாய்ப் பரிசோதனை அறிக்கையைக் கடலூர், சிதம்பரம் மக்கள் முன்னால தமிழ்ல வைக்கணும். ஆபரேஷனுக்கே கையெழுத்து வாங்கறோம். இதுக்கு வேண்டாமா?