கரடிக்கும் நமக்கும் இடையில் 300 மீற்றர்

ஒஸ்லோவில் வாழும் உறவினர் ஒருவர் அடுத்த கோடை விடுமுறைக்கு ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்துக்குப் போவதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறார். என்னையும் கூட வரும்படி அழைத்தார். ஆனால், தொலைபேசியில் அவரது குரலில் உற்சாகத்தைவிட ஆத்திரமே மேலோங்கியிருந்தது. "இவ்வளவு காசைக் கொட்டிக் குடுத்துப் போறம், கரடிக்குக் கிட்டப் போகக்கூடாதாம். முந்நூறு மீற்றருக்கு அங்கால நிக்கவேணுமாம். அங்கயிருந்து பார்த்தா என்ன தெரியப்போகுது?" என்று அவர் கேட்டார்.

இந்த ஆத்திரம் அவருக்கு மாத்திரம் உரியதல்ல. நோர்வே அரசாங்கம் ஸ்வால்பார்ட்டுக்கான புதிய விதிகளை முன்வைத்தபோது பயண ஏற்பாட்டாளர்கள் தரப்பிலிருந்தும் கடுமையான ஆட்சேபம் கிளம்பியது. அந்த விதிகள் 2025 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தன. துருவக்கரடியிலிருந்து குறைந்தது 300 மீற்றர் தூரத்தில் நிற்க வேண்டும். மார்ச் முதலாம் திகதியிலிருந்து ஜூன் 30 வரை அது 500 மீற்றர். தற்செயலாகக் கரடி அதைவிடக் கிட்ட வந்துவிட்டால் மனிதர்களே பின்வாங்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல்கள் நுழைய முடியாது. அப்பகுதிகளில் கப்பற் பயணிகள் கரையிறங்குவதற்கு 43 இடங்கள் மாத்திரமே அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. சுற்றுலாவின் கழுத்தை நெரிக்கும் விதிகள் இவை என்கிறார்கள். இவை நியாயமானவை மாத்திரமல்ல, மிகவும் காலந்தாழ்த்தி வந்தவை என்பதே எனது நிலைப்பாடு.

ஸ்வால்பார்ட்டின் வரலாறே மனிதன் 'கிட்டப் போன' வரலாறுதான். 1596 ஆம் ஆண்டில் ஒல்லாந்த மாலுமி வில்லெம் பாரென்ட்ஸ் அத்தீவுகளைக் கண்டார். அடுத்த சில தசாப்தங்களுக்குள் அங்கே ஸ்மேரன்பேர்க் என்ற திமிங்கில வேட்டைத் தளம் எழுந்துவிட்டது. அந்தப் பெயரின் பொருளே 'கொழுப்பு நகரம்' என்பதாகும். எண்ணெய்க்காகக் கொல்லப்பட்ட திமிங்கிலங்கள் அக்கடலில் ஏறத்தாழ அற்றுப்போயின. பிறகு தந்தத்துக்கும் தோலுக்குமாக வால்ரஸ்கள் பலியாகின. துருவமான்களுக்கு 1925 ஆம் ஆண்டிலும், வால்ரஸ்களுக்கு 1952 ஆம் ஆண்டிலும்தான் பாதுகாப்புக் கிடைத்தது. இரண்டும் அழிவின் விளிம்புக்கு வந்த பிறகே சட்டம் கண்விழித்தது. இரையை எடுத்தவுடன் தானாகவே வெடிக்கும் துப்பாக்கிப் பொறிகளை வைத்துக் கொல்லப்பட்டுவந்த துருவக்கரடிக்கு விமோசனம் கிடைக்க 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டில்தான் கனடா, டென்மார்க், நோர்வே, சோவியத் ஒன்றியம், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளும் ஒஸ்லோவில் துருவக்கரடிப் பாதுகாப்பு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன.

துப்பாக்கி போய் கமரா வந்துவிட்டது, இனி என்ன தீங்கு என்று கேட்கக்கூடும். 2018 ஜூலையில் ஸ்வால்பார்ட்டின் வடகோடியில் உள்ள ஒரு தீவில் நடந்த சம்பவம் அதற்குப் பதில் சொல்கிறது. பயணிகள் இறங்குவதற்கு முன்னர் கரையைச் சோதிப்பதற்காக ஒரு சொகுசுக் கப்பலின் காவலர்கள் அங்கே இறங்கினார்கள். அவர்களில் ஒருவரைக் கரடி தாக்கித் தலையில் காயப்படுத்தியது. கரடி அவ்விடத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டது. அது செய்த குற்றம் தன்னுடைய கரையில் நின்றது மாத்திரமே.

உயிர்ச்சேதம் இல்லாத தீங்கும் உண்டு. பனியில் ஓடும் மோட்டார் வண்டியின் இரைச்சலைக் கேட்டுக் குட்டிகளுடன் நிற்கும் தாய்க்கரடி ஒரு கிலோமீற்றருக்கும் அதிகமான தொலைவிலேயே கலவரமடைவதை ஆய்வாளர்கள் அங்கு பதிவு செய்திருக்கிறார்கள். வசந்தகாலத்தில்தான் அது மாதக்கணக்கான பட்டினியுடன் குகையைவிட்டு வெளியே வருகிறது. அந்த வேளையில் அது ஓடும் ஒவ்வோர் ஓட்டமும் குட்டிக்குக் கொடுக்கவேண்டிய பாலிலிருந்து கழிக்கப்படுவதாகும். அப்படிப் பார்த்தால் 500 மீற்றர் என்பதுகூட ஒரு சமரசமே. எமது யால வனத்தில் ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப் வண்டிகள் முண்டியடிப்பதைக் கண்டவர்களுக்கு, கட்டுப்பாடு இல்லாத இடத்தில் 'இயற்கை இரசனை' எந்த வடிவத்தை எடுக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

எதிர்த்தரப்பு வாதங்களை அலட்சியம் செய்வதற்கில்லை. நேரில் பார்த்தவர்களே பாதுகாவலர்களாக மாறுவார்கள் என்பது முதலாவது வாதம். பார்ப்பதை எவரும் தடுக்கவில்லையே! நல்லதொரு தொலைநோக்கியைக் கொண்டு 300 மீற்றரில் நிற்கும் கரடியைத் தாராளமாகப் பார்க்கலாம். இந்த விதியால் இழக்கப்படுவது கரடியின் முகத்துக்கு நேரே எடுத்த படம் மாத்திரமே. அது பாதுகாவலரின் தேவையல்ல, பெருமை பேசுபவரின் தேவை.

உள்ளூர் மக்களின் பிழைப்புப் பற்றியது இரண்டாவது வாதம். இதில் உண்மை இருக்கிறது. ஸ்வால்பார்ட்டில் நோர்வேயின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2025 ஜூன் மாத இறுதியில் மூடப்பட்டுவிட்டது. இப்போது லோங்யியர்பியென் நகரவாசிகள் பலருக்குச் சுற்றுலாவே சோறு போடுகிறது. ஆனால், சிறிய கப்பல்களையும் உள்ளூர் வழிகாட்டிகளையும் புதிய விதிகள் தடைசெய்யவில்லை. ஆயிரக்கணக்கானோரை ஏற்றிவரும் மிதக்கும் ஹோட்டல்களுக்கே அவை பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் கதவைச் சாத்துகின்றன.

மூன்றாவது வாதமே வலுவானது. கரடியிலிருந்து விலகி நில் என்று உபதேசிக்கும் அதே நோர்வே, 2025 மார்ச்சில் பாரென்ட்ஸ் கடலில் யொஹான் காஸ்ட்பேர்க் வயலிலிருந்து எண்ணெய் எடுக்கத் தொடங்கியது. இது அப்பட்டமான இரட்டை வேடம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால், அரசாங்கம் ஒரு தவறைச் செய்கிறது என்பதற்காக அது செய்த ஒரு நல்ல காரியத்தையும் கைவிடச் சொல்வது எந்த நியாயம்? எண்ணெய்க்கு எதிராகக் குரல் கொடுக்க விரும்புபவர்கள் கொடுக்கட்டும். கரடிக்குக் கிட்டப் போவதன் மூலம் அந்தக் குரலைக் கொடுக்க முடியாது.

அத்துடன் நாமும் அந்த எண்ணெயில்தான் பறக்கிறோம். நாம் வெளியிடும் ஒவ்வொரு டன் கரியமிலவாயுவும் ஆர்க்டிக்கின் செப்டெம்பர் மாதக் கடற்பனியில் ஏறத்தாழ 3 சதுர மீற்றரைக் கரைக்கிறது என்று 2016 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ரொறன்ரோவிலிருந்தோ சிட்னியிலிருந்தோ புறப்படுபவர், கரடி நிற்கும் பனியில் ஒரு பங்கைக் கரைத்துக்கொண்டுதான் அதைப் பார்க்கப் போகிறார். அந்தக் கணக்குத் தெரிந்த ஒருவர் 300 மீற்றரைப் பற்றி முறைப்பாடு செய்யமாட்டார்.

எனவே, வடதுருவப் பயணத்துக்குத் திட்டமிடும் நண்பர்களுக்குச் சொல்வேன்: கரடி காட்டுவதாக உத்தரவாதம் தரும் விளம்பரங்களைத் தவிர்த்துவிடுங்கள். சிறிய கப்பலைத் தெரிவு செய்யுங்கள். அடிக்கடி குறுகிய பயணங்கள் போவதைவிட ஒரு தடவை போய் நீண்டநாள் தங்குங்கள். கரடிக்காக மாத்திரம் போகாதீர்கள். ஆல்க்பியெல்லெட் மலைமுகட்டில் பல்லாயிரக்கணக்கான கடற்பறவைகள் கூடு கட்டியிருக்கும் காட்சிக்காகவும் நள்ளிரவுச் சூரியனுக்காகவும் போகலாம்.

எனது உறவினருக்கு வேறொரு யோசனையையும் சொன்னேன். அவர் 1980 களின் பிற்பகுதியில், பல ஈழத்தமிழ் இளைஞர்களைப் போன்று, நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கில் மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அதே கரையோரத்தில் வார்டோ நகரத் துறைமுகத்திலிருந்து சில நிமிடப் படகுப் பயணத்தில் ஹோர்னொயா என்ற தீவு இருக்கிறது. பஃபின் போன்ற கடற்பறவைகள் வசந்தகாலத்தில் அங்கே வந்து கூடு கட்டுகின்றன. நடைபாதையை விட்டு விலகாமல் நின்றால் மிகவும் கிட்டவாகவே அவற்றைப் பார்க்கலாம். ஒஸ்லோவிலிருந்து போடோ வரை ரயிலிலும், அங்கிருந்து வார்டோ வரை கரையோரக் கப்பலிலும் போகமுடியும். விமானம் ஏறவேண்டிய அவசியமே இல்லை.

சிறிதுநேர மௌனத்துக்குப் பிறகு அவர் சொன்னார்: "ரெண்டு வருசம் அந்தப் பக்கம் மீன் வெட்டினன். குளிரைத் தவிர வேற ஒண்டையும் பார்க்கேல்லை."

அந்தப் பயணத்துக்கு என்றால் நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.