மூன்று ஷிப்டு ஊரில் பாப்பாவின் தூக்கம்

கைக்குழந்தை தூங்கினால் வீடு தூங்கும். குழந்தை விழித்துக்கொண்டால் வீடே விழித்துக்கொள்ளும். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

ஆனால், கும்மிடிப்பூண்டி போன்ற ஊர்களில் இன்னொரு விஷயமும் உண்டு. அங்கே குழந்தை எப்போது தூங்க வேண்டும் என்பதைத் தாய் மட்டும் முடிவு செய்வது இல்லை. ஆலையின் ஷிப்டு நேரமும் சேர்ந்து முடிவு செய்கிறது!

கும்மிடிப்பூண்டி, சென்னைக்கு வடக்கே சுமார் 45 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே 'சிப்காட்' தொழிற்பேட்டை உண்டு. உருக்காலைகள், வார்ப்பாலைகள், மோட்டார் உதிரி பாகம் செய்யும் ஆலைகள் என்று பல இயங்குகின்றன. இதே மாவட்டத்தில் தேர்வாய் கண்டிகையிலும் சிப்காட் இருக்கிறது. திருவள்ளூர் நகரை ஒட்டி, காக்களூரிலும் தொழிற்பேட்டை இருக்கிறது.

இரவும் பகலும் ஓடும் ஆலைகளில் மூன்று ஷிப்டு வைப்பது வழக்கம். காலை 6 மணிக்கு ஒன்று. பகல் 2 மணிக்கு ஒன்று. இரவு 10 மணிக்கு ஒன்று. வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறுவதும் உண்டு.

பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இதற்குப் பழகிக்கொள்கிறார்கள். நாலு மாதக் குழந்தை என்ன செய்யும்?

பாப்பாவின் கடிகாரம்

பிறந்த குழந்தைக்கு இரவு எது, பகல் எது என்று தெரியாது. இரண்டு மணி, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை விழிக்கும். பால் குடிக்கும். மறுபடியும் தூங்கும். அதன் வயிறு சிறியது. ஆகவே அடிக்கடி பசிக்கிறது. நடுஇரவில் அழுதால் அது பிடிவாதம் அல்ல. பசி!

இரண்டு, மூன்று மாதம் ஆன பிறகுதான் குழந்தையின் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இருட்டினால் தூக்கம், விடிந்தால் விழிப்பு என்று அது மெல்ல மெல்லக் கற்றுக்கொள்கிறது. 

கற்றுக்கொடுப்பது யார்? காலை வெளிச்சமும் இரவின் இருட்டும்தான். தாய்ப்பாலுக்கும் இதில் பங்கு உண்டு. தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற பொருள் இரவில் சுரக்கும் பாலில் இருக்கிறது. பகல் பாலில் அது மிகவும் குறைவு.

இந்த உடம்புக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டு சொன்ன மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. ஹால், ராஸ்பாஷ், யங் என்பவர்களே அந்த மூவர். 

குழந்தை எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு கணக்குச் சொன்னது. மூன்று மாதம் வரை, ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம். 4 மாதம் முதல் 11 மாதம் வரை, 12 முதல் 16 மணி நேரம். ஒரு வயது, இரண்டு வயதுக் குழந்தைக்கு 11 முதல் 14 மணி நேரம். பகல் தூக்கமும் இதில் சேர்ந்ததுதான்.

ஷிப்டு குறுக்கிடும் இடம்

ஒரே ஓர் அறை உள்ள வாடகை வீட்டை எண்ணிப் பாருங்கள். தகப்பனாருக்கு இரவு ஷிப்டு. காலை 7 மணிக்கு வீடு திரும்புகிறார். அப்போதுதான் குழந்தை கண் விழிக்கிறது. ஜன்னலைத் திறந்தால் குழந்தைக்கு நல்லது. ஜன்னலை மூடினால் தகப்பனாருக்கு நல்லது. தாய் என்ன செய்வாள்?

தகப்பனார் தூங்குவதற்காக ஜன்னலைச் சாத்துகிறாள். குழந்தை அழுதால் உடனே தூளியில் போட்டு ஆட்டுகிறாள். பகல் முழுவதும் இருட்டில் தூங்கிய குழந்தை, இரவு 12 மணிக்குக் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறது! தாய்க்கு இரவும் தூக்கம் இல்லை. பகலும் தூக்கம் இல்லை.

மறுவாரம் தகப்பனாருக்குப் பகல் ஷிப்டு. வீட்டு நேரம் மறுபடியும் மாறுகிறது. குழந்தை பாதி கற்ற பாடம் மறந்துபோகிறது.

தாயும் ஆலைக்குப் போகிறவளாக இருந்தால் சிக்கல் இரட்டிப்பு ஆகிறது.

26 வாரத்தில் எத்தனை வாரம் மிச்சம்?

முதல் இரண்டு பிரசவத்துக்குப் பெண் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு 26 வார விடுமுறை உண்டு. 2017-ல் செய்த சட்டத் திருத்தம் இதைக் கொடுத்தது. அதற்கு முன் 12 வாரம்தான். இரண்டு குழந்தைகள் இருந்து, மூன்றாவது பிறந்தால் இப்போதும் 12 வாரமே.

26 வாரம் என்றால் ஆறு மாதம். ஆனால், பிரசவத்துக்கு முன்பே எட்டு வாரம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. நின்றுகொண்டே வேலை செய்யும் பெண், நிறைமாதத்தில் எப்படி ஆலைக்குப் போவாள்? எட்டு வாரத்தையும் எடுத்துக்கொண்டால், பிரசவத்துக்குப் பின் மிஞ்சுவது 18 வாரம்.

18 வாரம் என்றால் குழந்தைக்கு வயது நாலு மாதம். அதன் உடம்புக் கடிகாரம் அப்போதுதான் ஓடப் பழகியிருக்கிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அந்தச் சமயத்தில்தான் தாய் வேலைக்குத் திரும்புகிறாள்!

பாட்டி வீட்டில் இருந்தால் தப்பித்தது. பிழைப்புக்காக வெளியூரிலிருந்தும் வெளி மாநிலத்திலிருந்தும் வந்த குடும்பத்தில் பாட்டிக்கு எங்கே போவது?

பம்பாய் சொன்ன பாடம்

இந்தக் கேள்வி புதியது அல்ல. நூறு ஆண்டுக்கு முன்பே பம்பாய்ப் பஞ்சாலைகளில் எழுந்தது.

அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்தார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தாய்மார் என்ன செய்தார்கள் தெரியுமா? குழந்தைக்கு அபின் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்கள்! அபின் கலந்த சின்ன மாத்திரைகள் கடைகளில் கிடைத்தன. குழந்தை நாள் முழுவதும் மயங்கிக் கிடந்தது. பால் கேட்டு அழவில்லை. உடம்பு தேறவும் இல்லை.

அந்தத் தாய்மார் கல்நெஞ்சக்காரிகள் அல்ல. வேறு வழி இல்லாதவர்கள்.

1929-ல் அமைந்த தொழிலாளர் ராயல் கமிஷன், 1931-ல் அறிக்கை கொடுத்தது. பெண்கள் வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று அது சொன்னது. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948-ம் ஆண்டு ஆலைச் சட்டம், 50-க்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் காப்பகம் கட்டாயம் என்று ஆக்கியது. 1976-ல் அந்த எண்ணிக்கை 30 ஆகக் குறைந்தது.

அபின் மாத்திரை போய்விட்டது. ஆனால், ஜலதோஷ மருந்து கொடுத்தால் குழந்தை அசந்து தூங்கும் என்ற எண்ணம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. இது ஆபத்து! ஜலதோஷத்துக்குத் தரும் ஒரு கூட்டு மருந்தை நாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் உத்தரவு போட்டது. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் என்ற இரண்டும் சேர்ந்த மருந்து அது. தூக்கத்துக்கு என்று எந்த மருந்தையும் டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

இரவு வேலையும் புதுச் சட்டமும்

1948-ம் ஆண்டுச் சட்டம் இன்னொன்றும் சொன்னது. இரவு 7 மணிக்கு மேல் காலை 6 மணி வரை பெண்களுக்கு ஆலையில் வேலை கூடாது என்றது. 2000-ம் ஆண்டில் சென்னை ஐகோர்ட்டு இந்தத் தடை செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. ஆணுக்கு உள்ள உரிமை பெண்ணுக்கும் உண்டு என்பதே காரணம். கூடவே பல நிபந்தனைகளையும் விதித்தது. போக்குவரத்து வசதி வேண்டும். பாதுகாப்பு வேண்டும். பகல் ஷிப்டிலிருந்து இரவு ஷிப்டுக்கு மாற்றும்போது நடுவே 12 மணி நேர ஓய்வு வேண்டும்.

2025 நவம்பர் 21-ந் தேதி நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நாடு முழுவதும் அமலுக்கு வந்தன. பெண்ணின் சம்மதம் இருந்தால் எல்லாத் தொழிலிலும் இரவு வேலை கொடுக்கலாம் என்று அவை சொல்கின்றன.

இதில் நன்மை உண்டு. பெண்ணுக்கு வேலை வாய்ப்பு கூடும். சம்பளம் கூடும். ஆனால், 'சம்மதம்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வீட்டில் பால் குடிக்கும் குழந்தை இருக்கிறது. இரவு ஷிப்டு வேண்டாம் என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கிறது. பயத்தில் தலையை ஆட்டினால் அது சம்மதம் ஆகுமா?

புதிய சட்டத்தில் தாய்க்கு உள்ள உரிமைகளைத் தெரிந்துகொள்வது நல்லது:

50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். ஆண், பெண் எல்லாரையும் சேர்த்துத்தான் 50 பேர்.

தாய் ஒரு நாளில் நாலு முறை காப்பகத்துக்குப் போய்க் குழந்தையைப் பார்க்கலாம்.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, பால் கொடுக்க நாள்தோறும் இரண்டு இடைவேளை உண்டு. இது வழக்கமான ஓய்வு நேரத்துக்கு மேற்பட்டது.

சிறு பட்டறைகள் என்ன செய்யும்?

இங்கேதான் முடிச்சு இருக்கிறது. 50 பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் பட்டறைக்குக் காப்பகக் கட்டாயம் இல்லை. அங்கன்வாடியில் விடலாமே என்றால், அது பகலில் மட்டுமே நடக்கிறது. 'பால்னா' என்ற மத்திய சர்க்கார் திட்டத்தில் ஆறு மாதக் குழந்தை முதல் சேர்க்கிறார்கள். அதுவும் ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம்தான். ஒரு ஷிப்டு எட்டு மணி நேரம். ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவே உள்ள அரை மணியில் குழந்தையை யார் பார்ப்பது? போய் வரும் நேரம் வேறு இருக்கிறது!

சட்டமே இதற்கு ஒரு வழி விட்டிருக்கிறது. பல நிறுவனங்கள் ஒன்று சேர்ந்து, செலவைப் பங்கிட்டு, பொதுவாக ஒரு காப்பகம் நடத்தலாம். தொழிற்பேட்டைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறு இல்லை. பத்துப் பட்டறைகள் ஒரே தெருவில் இருக்கின்றன. தொழிலாளர்கள் ஒரே பாதையில் வருகிறார்கள். பத்து முதலாளிகள் சேர்ந்தால் ஒருவர் மேலும் பாரம் விழாது. அந்தக் காப்பகம் காலை ஷிப்டுக்கு முன்னால் திறக்க வேண்டும்; பிற்பகல் ஷிப்டு முடிந்த பிறகே மூட வேண்டும். தூங்கும் குழந்தைக்கு இருட்டும் அமைதியும் உள்ள ஓர் அறை வேண்டும். 

இன்னொரு காரியத்துக்குச் செலவே இல்லை. யாருக்கு எந்த ஷிப்டு என்பதை ஒரு மாதம் முன்னதாகச் சொல்லிவிடலாம். கைக்குழந்தை உள்ள தாய் தகப்பனுக்கு வாரம் ஒரு ஷிப்டு என்று மாற்றாமல் இருக்கலாம். தூங்கி எழுந்து வந்த தொழிலாளியின் கை எந்திரத்தில் தவறாது. ஆலைக்கும் அது லாபமே!

வீட்டில் செய்யக்கூடியவை

சட்டம் வரும் வரை குழந்தை காத்திருக்காது. வீட்டிலேயே செய்யக்கூடியவை சில உண்டு.

இரவில்: தினமும் ஒரே வரிசையைக் கடைப்பிடியுங்கள். உடம்பு துடைத்து, துணி மாற்றி, பால் கொடுத்து, விளக்கைத் தணித்து, தாலாட்டுப் பாடுங்கள். தாய் வேலைக்குப் போயிருந்தால் தகப்பனார் செய்யட்டும். ஆள் மாறலாம், வரிசை மாறக் கூடாது. நடுஇரவில் பால் கொடுக்கும்போது பெரிய விளக்கைப் போடாதீர்கள். பேச்சும் விளையாட்டும் வேண்டாம். குழந்தையின் கண்ணெதிரே செல்போன் கூடவே கூடாது.

காலையில்: ஒரே நேரத்தில் எழுப்புங்கள். இரவு ஷிப்டு முடித்து வந்தவர் படுத்ததும், குழந்தையை வெளியே நிழலுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். குழந்தைக்கு வெளிச்சம் கிடைக்கும். படுத்தவருக்கு அமைதி கிடைக்கும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்!

படுக்கை: குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். அமெரிக்காவில் 1994-ல் இதற்காகப் பெரிய பிரசாரம் நடந்தது. தூக்கத்தில் திடீரென்று இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை சுமார் பாதியாகக் குறைந்தது. தலையணையும் கனத்த போர்வையும் வேண்டாம். குழந்தை புரளத் தொடங்கியதும் தூளியில் தனியே விடக் கூடாது. மிதமிஞ்சிய அசதியில் இருப்பவரும், குடித்திருப்பவரும் குழந்தையோடு ஒரே பாயில் படுக்கக் கூடாது. கொசுவுக்கு வலை நல்லது. புகை நல்லது அல்ல.

எச்சரிக்கை: குழந்தை வழக்கத்தை மீறித் தூங்கிக்கொண்டே இருந்து, எழுப்பினாலும் பால் குடிக்காவிட்டால், அது நல்ல தூக்கம் அல்ல. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் தாமதம் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும்.

தொழிற்பேட்டைக்கு ரோடு போடுகிறார்கள். மின்சாரம் கொடுக்கிறார்கள். தண்ணீர்க் குழாய் போடுகிறார்கள். இவை இல்லாமல் ஆலை ஓடாது என்பது எல்லாருக்கும் தெரிகிறது. தொழிலாளியின் குழந்தை தூங்க ஓர் இடமும் அந்தப் பட்டியலில் சேர வேண்டும். குழந்தை தூங்கினால்தான் தாய் தூங்குவாள். தாய் தூங்கினால்தான் மறுநாள் வேலை நடக்கும்.