ஒளிக்கும் ஒரு கடைமடை

சில ஆண்டுகளுக்கு முன் இனயத்துக் கடற்கரையில் கருமணலைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு மாணவன் கேட்டான்: "ஸார், மோனசைட்டில் தோரியம் இருக்கிறது என்கிறீர்களே, ஒரு மணலுக்குள்ளே அது எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது?"

சில மைல் தள்ளி மணவாளக்குறிச்சியில் இம்மணலைப் பிரிக்கும் ஆலையே இருக்கிறது. ஆனால் பையன் கேட்ட கேள்விக்கு விடை காட்டக்கூடிய வெளிச்சம் இந்தூரில் இருக்கிறது. அங்கே ராஜா ராமண்ணா மையத்தில், 172.5 மீட்டர் சுற்றளவுள்ள 'இண்டஸ்-2' என்னும் வளையத்தில், எலெக்ட்ரான்கள் ஏறத்தாழ ஒளியின் வேகத்திலேயே சுற்றுகின்றன. அவற்றின் சக்தி 250 கோடி எலெக்ட்ரான் வோல்ட். காந்தங்கள் அவற்றை வளைக்குந்தோறும் எக்ஸ் கதிர்கள் தெறிக்கின்றன. அக்கதிரை மெல்லியதாய்க் குவித்து ஒரு மணலின் மேல் பாய்ச்சினால், அதிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கதிரால் தன் இருப்பிடத்தைச் சொல்லிவிடும். சிறிய வளையமான இண்டஸ்-1 1999-இலும், இது 2005-இலும் நம்மவர் கையாலேயே உருவாகி ஒளி தந்தன என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

ஆயினும் யந்திரத்தைச் சமைப்பது பாதி வேலைதான். நாஞ்சில் நாட்டாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேச்சிப்பாறையில் அணை கட்டியாயிற்று. தண்ணீர் கடைமடைக்கு வருகிறதா என்பதல்லவோ ஆண்டுதோறும் வழக்கு! ஒளிக்கும் அப்படியே முறை வைக்க வேண்டும். ஆராய்ச்சியாளர் விண்ணப்பம் எழுதுவர்; நிபுணர் குழு தகுதி பார்த்து நாட்களை ஒதுக்கும். யந்திரத்தைச் செப்பனிடவும் சில நாட்களை நிறுத்தி வைக்க வேண்டும். கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் விண்ணப்பம் எழுதும் பழக்கமே ஒரு மூலதனம். பெரிய ஸ்தாபனங்களுக்கு அது வாய்த்திருக்கிறது, சிறு கல்லூரிகளுக்கு இல்லை. தகுதியை மட்டும் பார்க்கும் குழு, தன்னை அறியாமலே தலைமடைக்காரருக்கு மடையைத் திறந்துவிடும். கடைமடைக்கென்று சில நாட்களும், எழுதக் கற்பிக்க ஓர் ஆளும் ஒதுக்குவதே நல்ல நிர்வாகம் என்பேன்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பிரான்ஸ் தேசத்துக் கிரெநோபிளில், பல நாடுகள் சேர்ந்து நடத்தும் 844 மீட்டர் வளையத்தை 2018 டிசம்பரில் நிறுத்தி, அதே சுரங்கத்தில் புதியதை அமைத்து, 2020 ஆகஸ்டில் மீண்டும் திறந்தார்கள். அங்கிருந்தவர் அக்கம்பக்கத்து நாடுகளின் வளையங்களுக்குப் போக முடிந்தது. நமக்கோ அத்தகைய எக்ஸ் கதிர் வீடு ஒன்றே. அதை மூடிவிட்டுப் புதுப்பிப்பதா, அல்லது அது எரிந்துகொண்டிருக்கையிலேயே வேறிடத்தில் இன்னொன்றைக் கட்டுவதா? செலவு கூடினாலும் பின்னதே என் கட்சி. விளக்கை அணைத்துவிட்டுத் திரி தேட வேண்டாம்.

அந்த மாணவன் இப்போது பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறான். சென்ற வாரம் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தோம். எந்த ஒளிப்பாதை வேண்டும் என்ற இடத்திலேயே இருவரும் நின்றுவிட்டோம்.