பழைய கணினிகளும் கட்டற்ற மென்பொருளும்

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஐ முறைப்படி நிறுவவும் முடியாது. நிவித்திகல போன்ற இரத்தினபுரி மாவட்டத் தோட்டப்புறங்களில், பிள்ளைகளின் கல்விக்கென அரும்பாடுபட்டு வாங்கிய கணினியை ஒதுக்கிவிட்டு வேறொன்று வாங்க எத்தனை குடும்பங்களால் இயலும்?

லினக்ஸ் பணிசெயல் முறைமை இலவசமாகக் கிடைக்கின்றது; அதன் இலகுவான வடிவங்கள் பழைய கணினிகளிலும் இயங்குகின்றன. ஆயினும், அனைத்தையும் ஒரே நாளில் மாற்றும்படி கூறுவது சாதாரண பாவனையாளரை வெருட்டுவதாகவே அமையும் என்பது நமது கருத்து. விண்டோஸில் இருந்தவாறே லிப்ரே ஒபிஸ், பயர்பொக்ஸ் ஆகியவற்றை முதலில் பழகலாம். பின்னர், நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கிப் பார்க்கலாம்.

தமிழில் எழுதுவோருக்கு இன்னுமொரு சிக்கல் உண்டு. நம் நாட்டில் வினாத்தாள்கள் முதல் கோவில், பள்ளிவாசல் அறிவித்தல்கள் வரை பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டு வந்துள்ளன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். மாறுவதற்கு முன்னரே அவற்றை யூனிகோட் முறைக்கு மாற்றிக்கொள்வது அவசியம். ரெங்கநாதன் விசைப்பலகை லினக்ஸிலும் இருப்பதால் தட்டச்சுப் பொறியில் பழகியோர் அஞ்ச வேண்டியதில்லை.

அச்சுப்பொறி இயங்காதபோது கேட்டறிய ஊரில் ஒருவர் இல்லையேல், பாவனையாளர் மறுநாளே பழையதற்குத் திரும்பிவிடுவார். கேரள அரச பாடசாலைகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியபோது ஆசிரியர்களுக்குப் பரவலாகப் பயிற்சியளிக்கப்பட்டது. தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கும், கணினி திருத்தும் இளைஞர்களுக்கும் அத்தகைய பயிற்சியை வழங்க சப்ரகமுவ மாகாணக் கல்வி அதிகாரிகள் முன்வர வேண்டும்.