மான் கொம்பும் அதன் தோலும்



செப்டம்பர் பிறந்தால் சஸ்காட்செவனில் வில் வேட்டைக் காலம். வேலைத்தல நண்பர்களோடு காட்டுக்குப் போய்வரும் வாலிபர்கள் நம் சபையிலும் உண்டு. இறைச்சி ஃப்ரீசருக்குள் போய்விடும். கொம்பு கராஜில் கிடக்கும். அதன்மேல் மெத்தென்று பழுப்பு ரோமத்தோடு ஒரு தோல் இருந்தால் சீக்கிரமே நாறத் தொடங்கும். அம்மாமார் மூக்கைப் பிடித்துக்கொண்டு முறையிடுவார்கள். அப்போது, "அக்கா, இந்த வெல்வெட்டை வீட்டில் எப்படி உரிப்பது?" என்ற கேள்வி எங்களுக்கு வரும். நர்ஸிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் சிரித்தோம். யோசித்துப் பார்த்தால் எங்களிடம் கேட்டதும் நல்லதுதான்.

வெல்வெட் என்பது இரத்தக் குழாயும் நரம்பும் நிறைந்த உயிருள்ள தோல். ஆண் மானின் கொம்பு வருஷந்தோறும் விழுந்து, வசந்த காலத்தில் புதிதாக முளைக்கிறது. கோடை முழுவதும் அதற்கு இரத்தம் ஊட்டுவது இந்தத் தோல். பகல் குறுகும்போது ஆண் ஹார்மோன் ஏறும், கொம்பு கெட்டியாகும், இரத்த ஓட்டம் நின்று தோல் காயும். மான் அதைச் செடிகளில் தேய்த்து ஓரிரு நாளில் கழற்றிவிடும். அதற்கு முன்பே அம்பு பட்டுவிட்டால் அந்த வேலை நம் தலையில்.

கத்தியை எடுக்குமுன் ஒரு காரியம். நம் மாகாணத்து மான்களில் சி.டபிள்யு.டி. என்னும் மூளை நோய் இருக்கிறது. கனடாவில் இது முதலில் 1996இல் இங்கேயுள்ள ஒரு பண்ணை எல்க்கில் தெரிந்தது. 2000இல் காட்டு மானிலும் கண்டார்கள். காரணம் பிரியான் என்ற கெட்டுப்போன புரதம். சமைத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது அழியாது. நோயுற்ற எல்க்கின் வெல்வெட்டிலும் அது இருப்பதை 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியான ஒரு சம்பவமும் இல்லை. ஆனாலும் நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்பதே சுகாதாரத் துறையின் ஆலோசனை. தலையைக் கொடுத்தால் மாகாணம் இலவசமாகச் சோதித்துச் சொல்லும். உபாகமம் 14இல் புசிக்கத்தக்க மிருகங்களின் வரிசையில் மானும் இருக்கிறது, உண்மைதான். என்றாலும் அறுப்பின் பண்டிகை விருந்துக்கு மான் கறி கொண்டுவர நினைப்பவர்கள் சோதனை முடிவு வரும்வரை அதைத் தனியாக வையுங்கள். சபையில் பாட்டிகளும் கைக்குழந்தைகளும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள்.

இனி உரிப்பது. சமையலறை வேண்டாம்; கராஜில், பழைய பிளாஸ்டிக் விரித்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். கொம்பின் நுனியை அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் அது இன்னும் எலும்பாகவில்லை. உரித்தால் சுருங்கிக் கெட்டுப்போகும். அதை ஃப்ரீசரில் வைத்து, மிருகங்களைப் பாடம் செய்பவரிடம் கொண்டுபோங்கள். கெட்டியாக இருந்தால், பின்பக்கம் அடியிலிருந்து நுனிவரை தோலை மட்டும் கீறி, பட்டை உரிப்பதுபோல் இழுங்கள். காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் தண்ணீரில் ஊறவையுங்கள். கத்தியை எப்போதும் உடம்புக்கு வெளியே ஓட்டுங்கள். இரத்தம் வழுக்கும். இப்படி வழுக்கி வந்த உள்ளங்கைகளை அவசரப் பிரிவில் பார்த்திருக்கிறோம். மண்டையோட்டை ரம்பத்தால் அறுப்பதை எங்களால் சிபாரிசு செய்ய முடியாது. மூளைதான் அதிக ஆபத்தான இடம்.

கத்தியைத் தேய்த்துக் கழுவி, தசைத் துணுக்கு ஒன்றும் ஒட்டாமல் பார்த்து, இரண்டு பங்கு ப்ளீச்சும் மூன்று பங்கு தண்ணீரும் கலந்ததில் ஐந்து நிமிஷம் போடுங்கள். பிரியான் விஷயத்தில் சோதித்துப் பார்த்த அளவு இது. ப்ளீச்சோடு வினிகரோ அம்மோனியாவோ சேர்க்கவே கூடாது. உரித்த தோலை நாய்க்குப் போடாமல், இரட்டைப் பையில் கட்டி, மாகாணம் சொல்லும் குப்பை மேட்டுக்கு அனுப்புங்கள்.

வெல்வெட்டோடே வைக்க ஆசைப்பட்டு சிலர் ஃபார்மலின் ஊசி போடுகிறார்கள். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள்; ஆவியும் கண்ணையும் மார்பையும் எரிக்கும். வீட்டில் வேண்டாம்.

கை வெட்டுப்பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, அழுத்திப் பிடியுங்கள். அழுக்குக் காயம் என்றால், கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருஷம் கடந்திருந்தால் மறுபடி போட வேண்டும். ஊருக்கு வந்தபோது போட்டதுதான் என்று பலரும் சொல்கிறீர்கள். தேதியைத் தேடிப் பாருங்கள். சிவந்து, வீங்கி, காய்ச்சல் வந்தால் மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

உரித்த கொம்பு வெளுத்து எலும்புபோல் தெரியும். கெட்டியான சாயத் தண்ணீரை, நம் வீட்டு டீத்தூளையே கொதிக்கவைத்து, பலமுறை பூசினால் மெல்லப் பழுப்பேறும். கடையில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் வாங்குகிறவர்கள் அதைக் கிளிசரின் அருகில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

அடுத்த இதழில், குளிர்காலத்தில் வெடிக்கும் குதிகாலைப் பற்றி எழுதுகிறோம்.